தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகக் கலைக்கூடத்துக்கு: பீடோங் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங், மெர்போக், சுங்கைப்பட்டாணி பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் சில குடும்பங்கள் இருக்கின்றன. தோட்டம் விற்கப்பட்டபின் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. இவர்களையும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளையும் பல்கலைக்கழகக் கலைக்கூடங்களுக்குக் கூட்டிப்போகும் வேலையைப் பெற்றோர்கள் சிலர் சேர்ந்து செய்து வருகிறோம். பஸ்ஸுக்குப் பெயர் எழுத வரும்போதெல்லாம் அதே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறோம்.

பல்கலைக்கழகத்தில் படிக்காதவர்கள் உள்ளே போகலாமா?

போகலாம். அரசுப் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடம் மாணவர்களுக்கு மட்டும் கட்டப்பட்டதல்ல, பொதுமக்களுக்கும் சேர்த்துத்தான். நுழைவாயிலில் பாதுகாவலர் நிறுத்துவார், எங்கே போகிறீர்கள் என்று கேட்பார், அடையாள அட்டையைப் பார்ப்பார். அது எல்லாருக்கும் நடப்பதுதான். "மியூசியம்" என்று சொன்னால் வழி காட்டுவார்.

பெரியவர்களிடம் தயக்கம் நிறைய இருக்கிறது. தோட்ட ஆபீசில் கிராணி என்ற எழுத்தரின் மேசைக்கு எட்ட நின்றே பேசிப் பழகியவர்கள் அவர்கள். பெரிய கட்டடம், கண்ணாடிக் கதவு, குளுகுளு அறை என்றாலே "நீங்க பிள்ளைங்களக் கூட்டிப் போங்க, நான் பஸ்ல இருக்கேன்" என்று சொல்லிவிடுவார்கள். பஸ்ஸில் விட்டுவிடாதீர்கள். கையைப் பிடித்தாவது உள்ளே கூட்டிப்போங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பது கீழே வருகிறது.

உடை விஷயம் ஒன்று. பல வளாகங்களில் அரைக்கால் சட்டை, சிலிப்பர் அனுமதி இல்லை. சப்பாத்து போட்டு வரச் சொல்லுங்கள்.

நமக்குப் பக்கத்தில் எது இருக்கிறது?

பினாங்குத் தீவில், மிண்டன் வளாகத்தில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் துவாங்கு பௌசியா அருங்காட்சியகமும் கலைக்கூடமும்தான். யூஎஸ்எம் மியூசியம் என்றால் எல்லாருக்கும் தெரியும். 1982இல் தொடங்கியது. பினாங்குப் பாலத்தைக் கடந்து தீவில் இறங்கினால் வளாகம் பக்கத்திலேயே இருக்கிறது. பீடோங்கிலிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வழியாக நேராக வந்துவிடலாம். மலேசிய ஓவியர்களின் படைப்புகள், கமலான் இசைக்கருவிகள், நிழற்பாவைகள் என்று பலதும் உண்டு. அதனால் ஓவியத்தில் நாட்டமில்லாத பிள்ளைகூட ஏதாவது ஒன்றின் முன்னால் நின்றுவிடும்.

கோலாலம்பூர் போகிறவர்கள் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆசியக் கலை அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். அது 1974இல் தொடங்கப்பட்டது. அதற்கும் ஒரு முன்கதை உண்டு. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில், 1955இல், அங்கே ஒரு கலை அருங்காட்சியகம் அமைத்தார்கள். மைக்கல் சல்லிவன் என்ற கலை வரலாற்றாசிரியர் அதைக் கட்டியெழுப்பினார். பிறகு பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்தபோது சேகரிப்பும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்குமாகப் பிரிந்தது.

கோலாலம்பூரில் பார்க்கவேண்டியது கெண்டிகள். பக்கவாட்டில் மூக்கு, மேலே கழுத்து, கைப்பிடி கிடையாது. கழுத்தைப் பிடித்துத் தூக்கி, உதடு படாமல் அண்ணாந்து குடிக்க வேண்டும். சீனத்துக் கெண்டி, தாய்லாந்துக் கெண்டி, வெறும் களிமண் கெண்டி என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் செம்பில் தண்ணீர் குடிக்கும் விதத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓவியமெல்லாம் எங்களுக்குப் புரியாதே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஒரு மாணவர் கண்காட்சிக்குப் போயிருந்தோம். ரப்பர் தோட்டத்தை வரைந்த ஒரு படம் மாட்டியிருந்தது. விடியற்கால இருட்டு, வரிசையாக மரங்கள், பட்டையில் வெட்டு, கீழே பால் பிடிக்கும் மங்கு. நன்றாகவே வரைந்திருந்தார்கள். எங்களோடு வந்த, முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டிய ஒரு பாட்டி அதன் முன்னால் நின்றார், நகரவில்லை. பிறகு அங்கே நின்றிருந்த மலாய்க்கார மாணவியை "அடேக்" என்று கூப்பிட்டு, மலாயிலேயே சொன்னார்: வெட்டு எதிர்ப்பக்கமாகச் சரிந்திருக்கிறது. மரத்துக்கு நேரே நின்றால் வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக இறங்க வேண்டும். இந்தப் படத்தில் வலமிருந்து இடமாக இறங்குகிறது.

அவர் சொன்னது முழுக்கச் சரி. ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராகப் போவதில்லை, லேசாகச் சாய்ந்து போகின்றன. இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் நிறைய வரும். தோட்ட ஆய்வாளர்கள் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கும் அந்த விஷயம் பாட்டிக்குக் கை வழியாகத் தெரிந்திருந்தது. பால் வெட்டும் உளியை எப்படிப் பிடிப்பது, பட்டையை எவ்வளவு மெல்லியதாகச் சீவுவது, ஆழம் போனால் மரம் எப்படிக் காயப்பட்டுக் கட்டி கட்டியாக வீங்கும் என்று காற்றிலேயே செய்து காட்டினார். அந்தப் பிள்ளை கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, கேள்வி மேல் கேள்வி கேட்டது. படத்தை வரைந்தது அந்தப் பிள்ளையேதான் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

புரிந்துகொள்வது என்றால் இதுதான். ஓவிய வரலாறு படித்தவருக்கு ஒரு கண், பால் வெட்டியவருக்கு இன்னொரு கண். கலைக்கூடத்தில் வேலை செய்கிறவர்களிடம் இரண்டாவது கண் பெரும்பாலும் இருப்பதில்லை. நம்மை அவர்கள் உள்ளே விட்டு உபகாரம் செய்கிறார்கள் என்று நினைத்துத் தலை குனிந்து நடக்க வேண்டாம். நாம் போனால் அவர்களுக்கும் லாபம். பெரியவர்களை பஸ்ஸில் விட்டுவிடாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

மங்கு, உளி, பால் சுமக்கும் காண்டா வாளியெல்லாம் கலைப் பொருளா?

இந்த நாட்டுக் கலை உலகம் ஐம்பது வருடத்துக்கு முன்பே சண்டை போட்டுப் பார்த்த கேள்வி இது. 1974இல் கலைஞர்கள் ரெட்சா பியாடாசாவும் சுலைமான் ஈசாவும் கோலாலம்பூரில் டேவான் பஹாசா என்ற மொழிக் கழகத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். பறவையைத் திறந்துவிட்ட வெறும் கூண்டு, பாதி குடித்த கோலா போத்தல்கள், எரிந்து முடிந்த கொசுவத்தி, இவைதாம் காட்சிப் பொருள்கள். ஒவ்வொன்றின் அருகிலும் அது எந்த நாளில் என்னவாக இருந்தது என்று குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள். வந்தவர்கள் பலருக்குக் கோபம். ஆனால் மலேசியக் கலை வரலாறு எழுதுகிற யாரும் அந்தக் கண்காட்சியைத் தாண்டிப் போவதில்லை.

அதற்கு முந்தைய வருடம், 1973இல், பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம் தேசிய ஓவியக் கூடத்தின் போட்டியில் சுற்றுச்சூழல் சீர்கேட்டைப் பற்றிய படைப்புக்காகப் பரிசு பெற்றார். அழகான காட்சியை வரைந்து தரவில்லை. கண்முன் நடக்கும் நாசத்தைப் பதிவு செய்து அதையே கலையாக வைத்தார். நம் பெண்பிள்ளைகளுக்கு இவர் பெயரைச் சொல்லிக்கொடுங்கள். இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதி, கலை வரலாற்றைப் பாடமாக்கியவர்களில் முக்கியமானவர் டி.கே. சபாபதி. 1970களில் இதே மிண்டன் வளாகத்தில் பாடம் நடத்தியவர் அவர்.

ஆக, மங்கு கலையா என்றால், அதோடு சேர்ந்து என்ன வருகிறது என்பதைப் பொறுத்தது. வெறும் மங்கு, மங்குதான். யாருடைய மர நிரையில், எந்தத் தோட்டத்தில், எந்த வருடம் தொங்கியது என்ற குறிப்போடு வந்தால் அது வேறு பொருள்.

போன முறை பார்த்த படம் இந்த முறை இல்லையே, விற்றுவிட்டார்களா?

இல்லை, உள்ளே எடுத்து வைத்திருப்பார்கள். எந்த அருங்காட்சியகமும் தன்னிடம் இருப்பதில் ஒரு பகுதியைத்தான் ஒரு நேரத்தில் காட்டும். இடம் ஒரு காரணம், வெளிச்சம் இன்னொரு காரணம். காகிதத்தில் வரைந்த நீர்வண்ணம், பழைய நிழற்படம், துணி போன்றவை வெளிச்சம் பட்டுப் பட்டு வெளிறிவிடும். வெளிறியது திரும்ப வராது. அதனால்தான் அந்தப் பக்கம் அறை மங்கலாக இருக்கும், 50 லக்ஸ் வெளிச்சத்தோடு நிறுத்திவிடுவார்கள். பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள் என்று சொல்வதும் அதற்குத்தான். நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் பூஞ்சை வேறு பிடிக்கும்.

பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போக எந்த நாள் நல்லது?

வெள்ளிக்கிழமை. கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை, பினாங்கில் சனியும் ஞாயிறும். நமக்கு லீவு, அவர்களுக்கு வேலை நாள். பல்கலைக்கழகக் கலைக்கூடங்கள் பெரும்பாலும் அலுவலக நேரத்தை ஒட்டியே இயங்குவதால் இந்த ஒரு நாள்தான் இரண்டு பக்கமும் ஒத்துவருகிறது. ஆனால் வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் நீண்ட இடைவேளை விடுவார்கள். எனவே காலை ஏழரைக்குள் பஸ் கிளம்ப வேண்டும். பள்ளியின் பெயரில் போவதானால் மாவட்டக் கல்வி இலாகாவின் அனுமதிக்கு முன்கூட்டியே எழுத வேண்டும். தலைமையாசிரியருக்கு அந்த நடைமுறை தெரியும்.

எல்லா அறையையும் ஒரே மூச்சில் சுற்றிக்காட்ட ஆசைப்படாதீர்கள். அரை மணி நேரத்தில் பிள்ளைகள் களைத்து, கீழே உட்கார்ந்து சண்டை போட ஆரம்பித்துவிடும். எங்கள் வழக்கம் இது: முதலில் பத்து நிமிடம் சும்மா சுற்ற விடுவோம். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதன் முன் உட்கார்ந்து பென்சிலால் வரைய வேண்டும். பேனா வேண்டாம், கலைக்கூடங்களில் பேனாவை விரும்பமாட்டார்கள். வரைந்து முடித்தபின் அந்தப் பொருளைப் பற்றி மூன்று கேள்வி எழுத வேண்டும், பதில் எழுதத் தேவையில்லை. அந்தக் கேள்விகளைக் கலைக்கூட ஊழியரிடம் கொடுத்துப் பாருங்கள். சில கேள்விகளுக்கு அவரும் போய்த் தேடித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

விளக்கம் தமிழில் இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. மலாயும் ஆங்கிலமும்தான். புகார் சொல்வதைவிட, நாமே செய்து கொடுக்கலாம் என்று கேட்பது பலன் தரும். கண்காட்சியின் குறிப்புகளை முன்னதாக வாங்கி, ஒரு தமிழாசிரியர், ஒரு படிவம் ஐந்து மாணவர், ஒரு பெரியவர் மூவரும் உட்கார்ந்தால் இரண்டு பக்கத்தில் தமிழ்க் கையேடு தயாராகிவிடும். அச்சுச் செலவு சொற்பம். பெரியவர் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் தோட்டத்துப் பொருள்களுக்குச் சரியான பெயர் அவருக்குத்தான் தெரியும்.

வீட்டில் பழைய பொருள்கள் இருக்கின்றன. கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா?

எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இடம், பராமரிப்பு, அவர்களுடைய சேகரிப்புக்குப் பொருந்துமா என்றெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். வேண்டாம் என்று சொன்னால் மனம் கசக்க வேண்டாம்.

கொடுப்பதற்கு முன் இரண்டு விதம் இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று இரவல்: ஒரு கண்காட்சிக்கு மட்டும் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வது. இன்னொன்று நன்கொடை: பொருள் அவர்களுக்கே சொந்தமாகிவிடும். இரண்டுக்கும் எழுத்தில் ஒப்பந்தம் உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பாருங்கள், புரியவில்லை என்றால் வீட்டில் படித்த பிள்ளையை வைத்துப் படியுங்கள். வாய்வார்த்தையாக, "வெச்சிட்டுப் போங்க, பாத்துக்கிறோம்" என்று யார் சொன்னாலும் ரசீது இல்லாமல் எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். முதல் தடவையாகக் கொடுப்பவர்களுக்கு இரவலே நல்லது என்பது எங்கள் கருத்து.

தாத்தாவின் உளியை நன்றாகக் காட்ட வேண்டும் என்று மணல்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு வீட்டில் எங்களுக்குக் காட்டிய உளி நினைவில் இருக்கிறது. தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்திருந்தது. பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார்கள், அதில் கட்டைவிரல் அழுந்திய இடம் பள்ளமாக இருந்தது. இடுக்கில் காய்ந்த ஒட்டுப்பால் கறுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தேய்மானமும் பள்ளமும் கறுப்பும்தான் அந்த உளியின் கதை. தேய்த்தால் அது கடையில் வாங்கிய இரும்பாகிவிடும்.

பழைய படங்களுக்கும் இதே எச்சரிக்கை. லேமினேட் செய்ய வேண்டாம். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம். பின்பக்கம் எழுத வேண்டுமானால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர், இடமிருந்து வலமாக. காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களமா, பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயக்கொட்டகையா, பால் ஸ்டோரா என்ற இடம். தோராயமான வருடம். இந்த மூன்றும் தெரிந்தவர் வீட்டில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். அருங்காட்சியகத்திடம் நல்ல அலமாரி இருக்கும், குளிர்சாதனம் இருக்கும், ஆனால் அந்தப் பெயர்கள் இருக்காது.

பொருள் என்றால் உளியும் மங்கும் மட்டுமல்ல. வேலைக்கு வந்த நாளைப் பதியும் செக்ரோல் தாள், சம்பளச் சீட்டு, சங்க அட்டை, தமிழ்ப்பள்ளி வகுப்புப் படம், திருவிழா நோட்டீசு, தலையில் கட்டிய விளக்கு, கப்பலில் வந்தபோது கொண்டுவந்த டிரங்குப் பெட்டி எல்லாம் சேர்ந்ததுதான்.

கோயில் பொருள்களை?

வழிபாட்டில் இருக்கும் எதையும் தனி ஒருவராகக் கொடுக்கக் கூடாது. கோயில் கமிட்டி கூடிப் பேசி, பூசாரியிடமும் கேட்டு முடிவு செய்ய வேண்டும். தோட்டம் விற்கப்பட்டு, கோயில் இடம் மாறி, பயன்பாட்டிலிருந்து விலகிய வாகனம், பழைய மணி, உண்டியல் போன்றவை வேறு. அப்போதும் இரவலாகக் கொடுப்பதே மேல். மூல விக்கிரகத்தைக் காட்சிப் பொருளாக்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

பினாங்கு வரை போக முடியாதவர்களுக்கு?

மெர்போக்கில், ஜெராய் மலையடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. பல்கலைக்கழகத்துடையது இல்லை, ஆனாலும் பல்கலைக்கழகங்களின் கைபட்ட இடம். அங்கே நிற்கும் புக்கிட் பத்து பாஹாட் சண்டியை, அதாவது பழங்காலக் கோயிலை, சீரமைத்தவர் அலஸ்டர் லாம்ப், அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், 1959-60இல். பக்கத்துச் சுங்கை பத்துவில் யூஎஸ்எம் ஆய்வாளர்கள் 2009 முதல் தோண்டி, பழங்கால இரும்பு உருக்கிய உலைகளை வெளியே கொண்டுவந்தார்கள். நாம் செம்பனைக் காடு என்று கடந்துபோன மண்தான் அது.

அதே வட்டாரத்தில் 2013இல், வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தும்போது ஒரு சண்டி இடிக்கப்பட்ட செய்தி எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆயிரம் வருடத்துச் செங்கலுக்கே அந்தக் கதி என்றால், எழுபது வருடத்துத் தோட்ட வீட்டு வரிசையான லயத்துக்கும் ஆயக்கொட்டகைக்கும் யார் காவல்? தோட்டம் கைமாறப் போகிறது என்று காதில் விழுந்தவுடனே கேமராவோடு போய் எல்லாக் கட்டடத்தையும் படம் எடுத்து வையுங்கள். ஒரு கைப்பேசி போதும்.

கண்காட்சி நம் ஊருக்கு வருமா?

கேட்டால் வரும் வாய்ப்பு உண்டு. மூலப் பொருள்களை வெளியே அனுப்பத் தயங்குவார்கள், அது நியாயம். அச்சிட்ட பலகைகள், பட நகல்கள், ஒரு பட்டறை என்ற அளவில் கேட்டால் எளிது. பள்ளி மண்டபம் அல்லது கோயில் மண்டபம் போதும். மழை பெய்தால் ஒழுகாத இடமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ஓவியம் படிக்கிறேன் என்கிறாள். வேலை கிடைக்குமா?

பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் காட்சிக் கலைக் கல்வி ஒரு பாடமாக இருக்கிறது, அதற்கடுத்த எஸ்டிபிஎம்மிலும் இருக்கிறது. யூஎஸ்எம்மில் கலைப் பள்ளி உண்டு, தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் கலை ஆசிரியர் படிப்பு உண்டு. ஓவியர் என்ற ஒரே வேலைதான் என்று நினைக்காதீர்கள். காட்சியை வடிவமைப்பவர், பொருளைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பவர், பட்டியல் தயாரிப்பவர், பிள்ளைகளுக்குச் சொல்லித்தருபவர் என்று ஓர் அருங்காட்சியகத்துக்குள்ளேயே பல வேலை இருக்கிறது. கூட்டிப்போகும்போது அங்கே வேலை செய்கிறவரிடம் மகளையே பேச விடுங்கள். நீங்கள் குறுக்கே பேச வேண்டாம்.

கடிதம் யாருக்கு, எந்த மொழியில் எழுத வேண்டும்?

மலாயில், அருங்காட்சியக இயக்குநரின் பெயருக்கு. எத்தனை பேர், பிள்ளைகளின் வயது, வரும் தேதி, எத்தனை மணிக்கு வருவோம், சக்கர நாற்காலி வேண்டுமா, பஸ் எங்கே நிற்கலாம் என்ற கேள்வி, இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கட்டும். பெரியவர்கள் சிலர் தோட்ட வேலை பற்றிச் சொல்லத் தயாராக வருகிறார்கள் என்பதையும் ஒரு வரி சேருங்கள். அதைப் படித்தால் வழிகாட்ட நல்ல ஆளாகப் பார்த்து நிறுத்துவார்கள். மூன்று நான்கு வாரம் முன்னதாக அனுப்புங்கள். புறப்படும் முன்தினம் ஒரு போன் பண்ணி உறுதி செய்துகொள்ளுங்கள், கண்காட்சி மாற்றும் வேலை நடந்தால் கூடத்தை மூடியிருப்பார்கள்.